கொல்லைக் கதவைப் பூட்டினீர்களா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஆன்ட்டி வைரஸ் நல்லது?" என்பதுதான். "இந்த மெஷினை வெளியிலிருந்து யாராவது திறக்க முடியுமா? அதற்கு என்ன பாஸ்வேர்ட் வைத்திருக்கிறீர்கள்?" என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சாப்ட்வேர் இன்ஜினியர் என்று விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருக்கும் நானே அந்தக் கேள்வியைக் கேட்கத் தவறினேன். அதனால் நாகூரில் என் மாமாவுக்குப் பணம் போனது. அதைவிட மோசமாக, அவரிடம் வேலை பார்க்கும் ஒரு பையனின் நல்ல பெயரும் போகவிருந்தது.

இது ஒரு ஆபீஸ் டெலிபோனின் கதை. கம்ப்யூட்டர் பத்திரிகையில் டெலிபோனுக்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். ஆபீஸ் டெலிபோன் பெட்டிக்குள் இருப்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான். அதில் நான் செய்த தவறு இன்று உங்கள் வீட்டு மோடத்திலும், வாசலில் மாட்டிய கேமராவிலும், சட்டைப் பையில் இருக்கும் மொபைலிலும் இருக்கலாம்.

நாகூரும் ஐ.எஸ்.டி.யும்

எங்கள் ஊருக்கு வெளிநாட்டு போன் ஆடம்பரம் அல்ல. நாகூர்க்காரர்கள் கடல் கடந்து வியாபாரம் செய்தது டெலிபோன் பிறப்பதற்கு முன்பே நடந்த விஷயம். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்ட நாகூர் தர்கா நினைவிடம் இன்றும் அதற்குச் சாட்சியாக நிற்கிறது. மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்துகள் இருந்த காலத்தில், மாலை நேரத்தில் அங்கே வரிசையில் நின்றதை என் வாப்பா இன்னும் சொல்வார். பேசிக்கொண்டே மீட்டரைப் பார்க்க வேண்டும். எண் ஓட ஓட நெஞ்சு துடிக்கும். பேசியவர் யார், கட்டணம் எவ்வளவு என்பது பூத்தில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும்.

மாமா அரிசி வியாபாரம் செய்கிறார். திருவாரூர் பக்கத்து ஆலைகளில் அரிசி வாங்கி, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் சில கடைகளுக்கு அனுப்புகிறார். ஆபீஸில் இரண்டு டெலிபோன் லைன்கள், ஆறு மேஜைகள். அந்த இரண்டு லைன்களை ஆறு மேஜைகளுக்கும் பிரித்துக் கொடுக்க ஒரு சிறிய பெட்டி சுவரில் மாட்டியிருக்கிறது. ஆபீஸில் அதை "இன்டர்காம் பெட்டி" என்பார்கள். கடைக்காரர்கள் இ.பி.ஏ.பி.எக்ஸ். என்பார்கள்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

இந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் எண் உண்டு. மாமாவுக்கு 201. கணக்கு எழுதும் பையனுக்கு 204. 201லிருந்து 204 என்று அழுத்தினால் பக்கத்து மேஜையில் மணி அடிக்கும். இதற்குக் கட்டணம் கிடையாது. வெளியே பேச வேண்டுமானால் முதலில் 0 அழுத்த வேண்டும் (சில பெட்டிகளில் 9). அப்போது வெளி லைனின் டயல் டோன் கேட்கும். அதன் பிறகு வெளிநாடு என்றால் 00, நாட்டின் எண், அங்குள்ள போன் எண். அதாவது எங்கள் ஆபீஸிலிருந்து சிங்கப்பூருக்குப் பேச 0, பிறகு 00, பிறகு 65.

எந்த மேஜையிலிருந்து எதுவரை பேசலாம் என்பதையும் பெட்டியிலேயே சொல்லி வைக்கலாம். ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு உள்ளூர் மட்டும், இன்னொன்றுக்கு வெளியூரும், மற்றொன்றுக்கு வெளிநாடும் என்று பிரிக்கலாம். சிங்கப்பூர்க் கடைகளோடு பேசுவது மாமாவும் கணக்கர் பையனும் மட்டுமே. எனவே 201க்கும் 204க்கும் மட்டும் ஐ.எஸ்.டி.யைத் திறந்துவிட்டேன். இதுவரை எல்லாம் சரி.

பெட்டியில் இன்னொரு வசதியும் உண்டு. அதற்கு "டிசா" என்று பெயர். ஆபீஸுக்கு வெளியே இருக்கும் ஒருவர் ஆபீஸ் எண்ணுக்குப் போன் செய்து, எக்ஸ்டென்ஷன் எண்ணையும் ஒரு ரகசிய எண்ணையும் அழுத்தினால், பெட்டி அவரை அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவராகவே ஏற்றுக்கொள்ளும். உடனே உள் டயல் டோன் கொடுக்கும். பிறகு அவர் 0 அழுத்தி ஆபீஸ் லைனிலேயே வெளியே பேசலாம். கட்டணம் ஆபீஸ் பில்லில் ஏறும். இதுதான் டெலிபோனில் ரிமோட் ஆக்சஸ்.

மாமா வாரத்தில் பாதி நாள் ஆலைகளில்தான் இருப்பார். "தம்பி, நான் ஆலைல நின்னாலும் ஆபீஸ் நம்பர்லேர்ந்தே பேசுற மாதிரி பண்ண முடியுமா?" என்று கேட்டார். நியாயமான தேவை. ஒரு விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, மேனுவலைப் படித்து அரை மணி நேரத்தில் செய்து கொடுத்துவிட்டேன். மாமா ஆபீஸ் முழுவதும் கேட்கும்படி என்னைப் பாராட்டினார். நானும் பெருமையாகச் சென்னைக்கு பஸ் ஏறினேன்.

அந்த அரை மணி நேரத்தில் நான் மூன்று தவறுகள் செய்திருந்தேன்.

முதல் தவறு: டிசாவை எந்த எக்ஸ்டென்ஷனுக்குக் கொடுக்க வேண்டும் என்று பெட்டி கேட்டபோது, 201க்கு மட்டும் கொடுக்காமல் "அனைத்தும்" என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அதுதான் எளிதாக இருந்தது. மாமாவின் ரகசிய எண்ணை மாற்றினேன். மற்ற ஐந்து மேஜைகளின் ரகசிய எண்கள் பாக்டரியில் வைத்த 1111 ஆகவே இருந்தன.

இரண்டாவது தவறு: ஐ.எஸ்.டி.யை உலகம் முழுவதற்கும், இருபத்து நான்கு மணி நேரமும் திறந்து வைத்தேன். எங்களுக்குத் தேவைப்பட்டதோ இரண்டே நாடுகள், அதுவும் பகலில் மட்டும்.

மூன்றாவது தவறு: என்ன மாற்றினேன் என்று ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதிக் கொடுக்கவில்லை. எல்லாம் என் தலையில் இருந்தது. தலை சென்னையில் இருந்தது.

சந்தனக்கூடு இரவு

நாகூர் கந்தூரியின்போது சந்தனக்கூடு நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்டு நாகூருக்கு வரும். அந்த இரவில் ஊரில் யாரும் தூங்க மாட்டார்கள். மாமா ஆபீஸை இரண்டு நாள் பூட்டிவிட்டார். கடைத் தெருவில் எல்லோரும் கந்தூரிக் கூட்டத்தில் இருந்தபோது, பூட்டிய ஆபீஸில் அந்தப் பெட்டி மட்டும் விடிய விடிய வேலை செய்துகொண்டிருந்தது. அது யாருக்கும் தெரியாது.

அடுத்த மாதம் பில் வந்தது. ரூ.36,000 சொச்சம். வழக்கமாக ரூ.3,000 தாண்டாது. பில்லில் நாங்கள் பெயரையே கேட்டிராத தீவு நாடுகளின் எண்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில். மாமா பெட்டியில் பதிவான அழைப்புப் பட்டியலைப் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு அழைப்புக்கும் எதிரே ஒரே எண் இருந்தது: 204.

204 என்றால் கணக்கர் பையன். ஆபீஸ் சாவி ஒன்று அவனிடம்தான் இருக்கும். அண்ணன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான். இவ்வளவு போதாதா? யாரும் அவனைத் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் மாமா சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் அவனோடு டீ குடிக்கப் போவதை நிறுத்தினார்கள். அவன் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நான்காம் நாள் அவன் அம்மா மாமா வீட்டுக்கு வந்து, "சம்பளத்துல புடிச்சுக்குங்க, ஆனா எம்புள்ள எடுக்கலைங்க" என்று அழுதுவிட்டுப் போனார். மாமா அன்றைக்குத்தான் எனக்குப் போன் செய்தார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுல்ல தம்பி?" என்று கேட்டார்.

அந்த வார இறுதியில் நாகூருக்குப் போனேன். பிரிண்ட் எடுத்தது வெளியே போன அழைப்புகளின் பட்டியலை மட்டும். பெட்டியில் உள்ளே வந்த அழைப்புகளின் பட்டியல் தனியாக இருந்தது. இரண்டையும் எக்செலில் ஒட்டி நேர வரிசைப்படி அடுக்கினேன். ஐந்து நிமிடத்தில் விஷயம் வெளியே வந்துவிட்டது. 204லிருந்து போனதாகக் காட்டிய ஒவ்வொரு அழைப்புக்கும் சில விநாடிகள் முன்பு, முதல் லைனில் வெளியிலிருந்து ஒரு அழைப்பு உள்ளே வந்திருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் முடிந்திருந்தன. அழைப்பின் வகை என்ற இடத்தில் "டிசா" என்று இருந்தது. அதாவது 204 மேஜையில் யாரும் உட்காரவில்லை. ரிசீவரை யாரும் தொடவில்லை. எங்கோ இருந்த ஒருவன் ஆபீஸுக்குப் போன் செய்து, 204, 1111 என்று அழுத்தி, அந்தப் பையனின் பெயரில் உள்ளே நுழைந்திருக்கிறான்.

பட்டியல் சொன்னது பொய் இல்லை. 204 என்ற எண்ணின் ரகசிய எண்ணைத் தெரிந்த ஒருவர் பேசினார் என்பதைத்தான் அது சொன்னது. அந்த ஒருவர் பையன்தான் என்று நாமாக முடிவு செய்தோம். 1111 என்பது உலகத்துக்கே தெரிந்த ரகசியம் என்பதை நாம் நினைத்துப் பார்க்கவில்லை. அந்தப் பெட்டி அழைப்புகளைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் நினைவில் வைக்காது. புதியது வர வரப் பழையது அழியும். ஆபீஸ் சிறியது, அழைப்புகள் குறைவு என்பதால் தப்பித்தோம். இன்னும் ஒரு மாதம் கழித்து நான் போயிருந்தால் அந்தப் பையனுக்குச் சாட்சியே இருந்திருக்காது.

யார், எதற்காகச் செய்கிறார்கள்?

எங்கோ இருப்பவனுக்கு நாகூர் அரிசி ஆபீஸ் மீது என்ன கோபம்? கோபமே கிடையாது. இது முழுக்க வியாபாரம். வெளிநாடுகளில் சில எண்களுக்கு நிமிடக் கட்டணம் மிக அதிகம். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு அந்த எண்ணை நடத்துபவருக்குப் போகும். அவர்களோடு கூட்டுச் சேர்ந்த கும்பல், ஊர் பேர் தெரியாத ஆபீஸ்களின் லைன்கள் வழியாக அந்த எண்களுக்கு அழைப்புகளைக் கொட்டும். ஆபீஸ் பூட்டியிருக்கும் இரவும் விடுமுறையும்தான் அவர்களுக்குச் சீசன்.

அவர்கள் கையால் டயல் செய்வதில்லை. புரோகிராம் செய்கிறது. நான்கு இலக்க ரகசிய எண் என்றால் மொத்தம் 10,000 வாய்ப்புகள். பத்து விநாடிக்கு ஒன்று என்று முயன்றால்கூட 28 மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஆறு இலக்கம் என்றால் அதே வேகத்தில் 115 நாட்களுக்கு மேல் ஆகும். ஆனால் 1111, 1234, 0000 என்று இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. முதல் நிமிடத்திலேயே கதவு திறந்துவிடும்.

சிறிய ஆபீஸ், அதனால் ஏமாந்தோம் என்று நினைத்தால் அதுவும் தவறு. 2008 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் பேரிடர் உதவி நிறுவனமான பெமாவின் பயிற்சி மையத்தில் இதே கதை நடந்தது. புதிய வாய்ஸ்மெயில் வசதியைப் பொருத்தியபோது ஒரு ஓட்டையை அடைக்காமல் விட்டிருந்தார்கள். ஒரு வார இறுதியில் ஆசியாவுக்கும் மத்திய கிழக்குக்கும் 400க்கும் மேற்பட்ட அழைப்புகள் போயின. கட்டணம் சுமார் 12,000 டாலர். நாட்டின் பாதுகாப்பைக் கவனிக்கும் துறையின் கீழ் இயங்கும் நிறுவனத்துக்கே இந்த நிலை.

அடுத்த ஆண்டு, 2009 ஜூனில், நியூஜெர்சியில் ஒரு வழக்கு வெளியே வந்தது. பிலிப்பைன்ஸில் இருந்தவர்கள் ஆபீஸ் டெலிபோன் பெட்டிகளுக்குள் நுழைந்து, அந்த வழியை இத்தாலியில் போன் கடை நடத்தியவர்களுக்கு விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. 2,500க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் பெட்டிகள். 1 கோடியே 20 லட்சம் நிமிடப் பேச்சு. மதிப்பு 5.5 கோடி டாலருக்கும் மேல். இவ்வளவுக்கும் அவர்கள் பயன்படுத்திய சாவிகளில் முக்கியமானது, யாரும் மாற்றாமல் விட்ட பாக்டரி பாஸ்வேர்ட்.

இதற்கும் என் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் வீட்டில் டெலிபோன் பெட்டி இல்லாமல் இருக்கலாம். ஆனால் இன்டர்நெட் மோடம் இருக்கிறது அல்லவா? அதை மாட்டியவர் போகும்போது, "வை-பை பாஸ்வேர்ட் இதுதான் சார்" என்று ஒன்றைச் சொல்லியிருப்பார். மோடத்துக்குள் நுழைவதற்கென்று இன்னொரு பாஸ்வேர்ட் இருக்கிறது. அதைச் சொன்னாரா? பெரும்பாலும் அது அட்மின், அட்மின் என்றே இருக்கும்.

2016இல் "மிராய்" என்ற ஒரு வைரஸ் உலகத்தைக் கலக்கியது. அது கடினமான வேலை எதையும் செய்யவில்லை. சுமார் 60 பாக்டரி பெயர்-பாஸ்வேர்ட் ஜோடிகளை வைத்துக்கொண்டு, வீட்டு மோடம்களையும் கேமராக்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. லட்சக்கணக்கான கதவுகள் திறந்தன. அப்படிச் சேர்த்த படையைக் கொண்டு 2016 அக்டோபர் 21 அன்று நடத்திய தாக்குதலில் ட்விட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற தளங்களே பல மணி நேரம் தடுமாறின. கேமராவின் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் வீட்டுக் கேமரா இதைச் செய்கிறது என்றே தெரியாது. நம் நாட்டிலும் 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் பல, மாற்றப்படாத பாஸ்வேர்ட் வழியாகத் தாக்கப்பட்டன. பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று அந்த நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

மொபைலிலும் டயல் கோடுகள் உண்டு. "உங்கள் சிம்மில் பிரச்சினை இருக்கிறது, *401* போட்டு இந்த எண்ணை அழுத்துங்கள்" என்று ஒருவன் போன் செய்வான். அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அவனுக்குப் போய்விடும். பேங்கிலிருந்து குரலில் வரும் ஓ.டி.பி.யும் அதில் சேரும். இந்த மோசடி பெருகியதால் 2024 ஏப்ரல் 15 முதல் இப்படிக் கோடு அழுத்தி அழைப்பைத் திருப்பும் வசதியை நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். எனிடெஸ்க் போன்ற ஆப்கள் நல்ல காரியத்துக்காக வந்தவை. ஆனால் "நாங்கள் பேங்கிலிருந்து பேசுகிறோம், இந்த ஆப்பைப் போடுங்கள்" என்று சொல்லி, அதன் வழியாகவே பணத்தை எடுக்கிறார்கள் என்று 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய வீடுகள் நீளமானவை. முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும். கொல்லைக் கதவு பின் சந்தில் திறக்கும். இரவு படுக்கும் முன் முன்வாசலைப் பூட்டிவிட்டு, "கொல்லைக் கதவைப் பாத்தியா?" என்று ஒரு குரல் நிச்சயம் கேட்கும். ஆன்ட்டி வைரஸ் என்பது முன்வாசல் பூட்டு. ரிமோட் ஆக்சஸ் என்பது கொல்லைக் கதவு. நம் வீடுகளில் அந்தக் குரல் மட்டும் இன்னும் கேட்கவில்லை.

யார் பொறுப்பு?

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். முதல் பொறுப்பு, மாட்டிக் கொடுப்பவருடையது. அது கடைக்காரராக இருக்கலாம், கேபிள்காரராக இருக்கலாம், என்னைப் போல் "நான் பார்த்துக்கறேன் மாமா" என்று சொல்லும் படித்த பையனாகவும் இருக்கலாம். வேலை முடிந்ததும் நாம் போய்விடுகிறோம். பில் வருவது வேறொருவருக்கு. சந்தேகம் விழுவது இன்னொருவர் மேல். ஆகவே கதவை வைத்தவன், அந்தக் கதவு எங்கே இருக்கிறது, சாவி எது, பூட்டுவது எப்படி என்ற மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இரண்டாவது பொறுப்பு, தயாரிப்பாளருடையது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்து விற்பது, ஒரே சாவியால் திறக்கும் ஆயிரம் பூட்டுகளை விற்பதற்குச் சமம். கலிபோர்னியாவில் 2020 ஜனவரி 1 முதலும், பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதலும் இதற்கு எதிராகச் சட்டம் இருக்கிறது. நம் நாட்டிலும் மோடம், டெலிபோன் பெட்டி என்று இன்டர்நெட்டையோ டெலிபோன் லைனையோ தொடும் எல்லாப் பொருளுக்கும் பொதுவாக இப்படி ஒரு தெளிவான விதி வேண்டும். பாஸ்வேர்டை மாற்றினால்தான் பெட்டி வேலையே செய்யும் என்று வைத்துவிட்டால், 1111 தானாக ஒழிந்துவிடும்.

"அப்படியானால் ரிமோட் ஆக்சஸே வேண்டாமே, எடுத்துவிடலாமே?" என்று சிலர் கேட்பார்கள். மாமாவும் அதைத்தான் கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கொல்லைக் கதவு இல்லாத வீட்டில் குப்பையைக்கூட முன்வாசல் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். மாமாவின் தேவை உண்மையானது. சென்னையிலும் பெங்களூருவிலும் இருக்கும் பிள்ளைகள், ஊரில் இருக்கும் பெற்றோரின் கம்ப்யூட்டரை அங்கிருந்தே சரி செய்வதும் நல்ல விஷயம்தான். கதவு இருக்கட்டும். தேவையில்லாதபோது மூடியிருக்கட்டும். சாவி உங்களுடையதாக இருக்கட்டும்.

இன்றைக்கே செய்யுங்கள்

1. மோடத்தின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மோடத்தின் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் அதன் முகவரி இருக்கும் (பெரும்பாலும் 192.168.1.1). அதை பிரவுசரில் டைப் செய்தால் உள்ளே போகலாம். அங்கே "ரிமோட் மேனேஜ்மென்ட்" என்று இருந்தால் அணைத்துவிடுங்கள். பயமாக இருந்தால் மாட்டியவரையே அழைத்து, உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள்.

2. கேமரா வைத்திருந்தால் அதன் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். மோடத்துக்கும் கேமராவுக்கும் ஒரே பாஸ்வேர்ட் வேண்டாம்.

3. கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டாப் என்று போய்ப் பாருங்கள். உங்களுக்குத் தேவையில்லை என்றால் அது ஆப் ஆகவே இருக்க வேண்டும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் இந்த வசதி கிடையாது, கவலை வேண்டாம். ஆனால் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை யாராவது போட்டுக் கொடுத்து இருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்திருந்தால் நீக்கிவிடுங்கள்.

4. மொபைலில் கால் பார்வர்டிங் செட்டிங்கைப் பாருங்கள். "எப்போதும் திருப்பு" என்ற இடத்தில் உங்களுக்குத் தெரியாத எண் இருந்தால் உடனே நீக்குங்கள். முன்பின் தெரியாதவர் சொல்லும் எந்தக் கோடையும் அழுத்த வேண்டாம்.

5. கடையிலோ ஆபீஸிலோ டெலிபோன் பெட்டி இருந்தால், டிசா யாருக்குத் திறந்திருக்கிறது என்று கேளுங்கள். ஆறு இலக்க ரகசிய எண் வையுங்கள். வெளிநாட்டில் எந்த நாடுகளைத் தடுக்கலாம் என்று யோசிக்க வேண்டாம். எந்த நாடுகளை மட்டும் அனுமதிக்கலாம் என்று எழுதுங்கள். எங்கள் பெட்டியில் 0065, 0060 என்ற இரண்டை மட்டும் அனுமதித்திருந்தால் அந்த இரவில் ஒரு தீவுக்கும் அழைப்பு போயிருக்காது.

6. பாஸ்வேர்ட்களை ஒரு காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். "எழுதி வைக்கலாமா?" என்று கேட்பீர்கள். மாற்றாத பாஸ்வேர்டை விட, மாற்றி எழுதி வைத்த பாஸ்வேர்ட் எவ்வளவோ மேல். வேறு கண்டத்தில் இருக்கும் திருடனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது.

7. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

இந்த ஏழில் ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் முதலாவதைச் செய்யுங்கள். பத்து நிமிட வேலை.

மாமாவின் பில்லில் பாதியை நான் கட்டினேன். அவர் வேண்டாம் என்றார். தவறு என்னுடையது என்பதால் விடவில்லை. எக்செல் பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் அந்தப் பையன் வீட்டுக்குப் போனோம். மாமா சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. டிசா, 1111, உள்ளே வந்த அழைப்பு, வெளியே போன அழைப்பு என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அவன் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப எம்புள்ள இல்லைல்ல?" என்று மட்டும் கேட்டார். "இல்லைங்கம்மா. தப்பு என்னோடது" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. அவனையே பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்து, ஆறு மேஜைகளின் ரகசிய எண்களையும் மாற்றக் கற்றுக்கொடுத்தேன். இப்போது அந்தப் பட்டியல் மாமாவின் மேஜை டிராயரில், அந்தப் பையனின் கையெழுத்தில் இருக்கிறது. 204க்கு அவன் என்ன எண் வைத்தான் என்று நான் பார்க்கவில்லை.